ஒருவழிப் பாதையாகிவிட்ட கணக்கு

ராயபுரத்தில் ஔவை கலைக் கழகத்தின் கட்டடத்துக்குள் ராமானுஜன் பெயரில் ஒரு கணித அருங்காட்சியகம் இருக்கிறது. 1993-இல் தொடங்கியது. மீன் வாங்கக் காசிமேட்டுக்கு வருகிறவர்களும் பழைய ரயில் நிலையத்தைப் பார்க்க வருகிறவர்களும் பெரும்பாலும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். அதை உருவாக்கியதில் முதன்மையானவர் பி.கே. சீனிவாசன் (1924–2005). முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி, அந்தப் பள்ளியின் வெளியீடாகவே 1968-இல் இரண்டு தொகுதிகள் கொண்டுவந்தார். ஆய்வாளர்கள் அவரை இதற்காக நினைக்கிறார்கள். எனக்கு அவருடைய இன்னொரு வேலை பெரிதாகப் படுகிறது. அது காலண்டர் கணக்கு.

மாதக் காலண்டரில் எங்கே வேண்டுமானாலும் நான்கு தேதிகளைச் சுற்றி ஒரு சதுரம் போடுங்கள். 8, 9, அடுத்த வரியில் 15, 16. மூலைக்கு மூலை கூட்டினால் இரண்டு பக்கமும் 24. மூலைக்கு மூலை பெருக்கினால் 135, 128, வித்தியாசம் 7. சதுரத்தை நகர்த்தினாலும் அதே 7. கிழமைகளை மேலிருந்து கீழாக அச்சடிக்கும் நம்மூர்க் காலண்டராக இருந்தாலும் 7 மாறாது. ஏன் என்று பிள்ளைக்குக் கேள்வி எழும் இடத்தில்தான் n, n+1, n+7, n+8 உள்ளே வர வேண்டும். அதற்கு முன் வந்தால் அவை வெறும் எழுத்துகள். காலண்டரை வைத்து இப்படி எவ்வளவு தூரம் போகலாம் என்று அவர் ஒரு சிறு நூலே எழுதினார். இயற்கணிதத்தை வடிவ வரிசைகளின் மொழியாகவே அறிமுகப்படுத்தலாம் என்பது அவருடைய கட்சி.

தீக்குச்சிகளால் பக்கம் பக்கமாகச் சதுரங்கள் அடுக்கினால் 4, 7, 10 என்று குச்சிகள் கூடும். ஒரு பிள்ளை முதல் சதுரத்தை முழுதாக வைத்துக்கொண்டு அதன்மேல் மும்மூன்றாகக் கூட்டும்: 4+3(n−1). இன்னொரு பிள்ளை ஓரத்துக் குச்சியைத் தனியே எடுத்துவைக்கும்: 1+3n. மூன்றாவது பிள்ளைக்கு மேல்வரிசை n, கீழ்வரிசை n, நிற்கும் குச்சிகள் n+1. மூன்றும் சுருக்கினால் ஒன்றே. சுருக்குவதற்கு முன் மூன்றும் மூன்று பார்வைகள். சூத்திரத்தைப் பார்த்தே எந்தப் பிள்ளை படத்தை எப்படிப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரையின் விஷயம் இதுதான். ஒரே கணிதக் கருத்தைப் பொருளாக, படமாக, பேச்சாக, அட்டவணையாக, வரைபடமாக, குறியீடாகப் பல வடிவங்களில் வைத்துக் கற்பிப்பது. அதனால் என்ன கிடைக்கிறது, எங்கே இடறுகிறது.

ஒரு முரணையும் இங்கேயே சொல்லிவிடலாம். ராமானுஜன் தாமே இப்படிக் கற்றவர் இல்லை. அவர் கையில் கிடைத்தது கார் என்பவரின் தொகுப்பு நூல். விளக்கமோ படமோ அதிகம் இல்லாமல் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக அடுக்கப்பட்டது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோதும் அவருடைய உலகம் சிலேட்டும் குறியீடும்தான். ஆனால் ராமானுஜனுக்கு ஒத்துவந்ததை வைத்து ஒரு பள்ளிப் பாடத்திட்டம் போட முடியாது.

பல வடிவங்களில் கற்பிப்பது என்ற யோசனையைக் கோட்பாடாக வளர்த்தவர்கள் சிலரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் ப்ரூனர் 1966-இல் கற்றலைச் செய்கை, படம், குறியீடு என்ற மூன்று நிலைகளில் பேசினார். ஹங்கேரியில் பிறந்த சோல்தான் டீனஸ், பத்தடிமான மரக்கட்டைகளால் பெயர் பெற்றவர், ஒரு படி மேலே போனார்: ஒரே கருத்துக்கு ஒரே கருவி போதாது, வெவ்வேறு தோற்றமுள்ள பல கருவிகள் வேண்டும், அப்போதுதான் பிள்ளை கருவியை உதறிவிட்டுக் கருத்தைப் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூர் 1980-களில் பொருள், படம், குறியீடு என்ற வரிசையையே தன் தொடக்கக் கல்வியின் முதுகெலும்பாக்கியது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் பட்டைப் படம் போட்டுத்தான் வாக்கியக் கணக்கு செய்கிறார்கள்.

இந்தக் கட்டுரைக்கு அதிகம் உதவுகிறவர்கள் வேறு இருவர். கனடாவின் குளோட் ஜான்வியே 1987-இல் ஒரு கட்டம் போட்டார். சொல்லால் விவரித்தல், அட்டவணை, வரைபடம், சூத்திரம் என நான்கு வடிவங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிகள் பன்னிரண்டு. பிரான்சின் ரேமோன் டுவால், ஒரு வடிவத்துக்குள்ளேயே வேலை செய்வதையும், ஒரு வடிவத்திலிருந்து வேறொன்றுக்குக் கடப்பதையும் பிரித்தார். சமன்பாட்டைச் சுருக்குவது முதல் வகை. வரைபடத்தைப் பார்த்துச் சமன்பாடு எழுதுவது இரண்டாவது. பிள்ளைகள் தடுக்கி விழுவது இரண்டாவதில்தான் என்றார். இன்னொன்றும் சொன்னார்: ஒரு திசையில் கடக்கத் தெரிந்த பிள்ளைக்கு எதிர்த்திசையில் கடக்கத் தெரியாமல் போகலாம். நம் வகுப்பறைகளின் நோய்க்கு இதைவிடச் சரியான விவரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

இதை வடசென்னைத் தெருவில் வைத்தே பார்க்கலாம். சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் கன்டெய்னர் முனையம் வந்தது. எண்ணூரில் 2001-இல் புதிய துறைமுகமே வந்தது. அன்றிலிருந்து ராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை உள்ள பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் டிரெய்லர் லாரி வரிசை. எந்தப் பையனைக் கேட்டாலும் எது இருபதடிப் பெட்டி, எது நாற்பதடி என்று சொல்லிவிடுவான். துறைமுகக் கணக்கில் இருபதடிப் பெட்டி ஓர் அலகு, நாற்பதடி இரண்டு அலகு. அந்த அலகுக்கு டி.இ.யூ. என்று பெயர். இப்போது ஒரு கணக்கு. யார்டுக்குள் 30 டிரெய்லர்கள், ஒவ்வொன்றிலும் ஒரே பெட்டி, மொத்தம் 44 டி.இ.யூ. எத்தனை இருபதடி, எத்தனை நாற்பதடி?

பேப்பர் பேனா எடுக்காமல் ஒருவர் இப்படிச் சொல்லக்கூடும்: எல்லாமே இருபதடி என்றால் 30 வர வேண்டும், 14 கூடுதலாக வருகிறது, ஒவ்வொரு நாற்பதடியும் ஒன்றைக் கூட்டித் தரும், ஆக நாற்பதடி 14, இருபதடி 16. அட்டவணை போடுகிறவர் (30, 0) என்று தொடங்கி, ஒரு பெட்டியை மாற்ற மாற்ற மொத்தம் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்ப்பார். பள்ளியில் x+y=30, x+2y=44 என்று எழுதி, கழித்து, y=14. வரைபடத்தில் இரண்டு கோடுகள் (16, 14) என்ற புள்ளியில் வெட்டிக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது, சமன்பாட்டில் நடக்கும் கழித்தலும் வாய்க்கணக்கில் நடந்த கழித்தலும் ஒன்றே என்பது. 44-இலிருந்து 30-ஐக் கழிப்பது 'எல்லாம் இருபதடி என்றால்' என்ற அந்த யோசனைதான். நீக்கல் முறையைப் பத்து வருடம் சொல்லிக்கொடுத்தவர்கள்கூட இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது அரிது.

ஒவ்வொரு வடிவமும் ஏதோ ஒன்றைக் காட்டி ஏதோ ஒன்றை மறைக்கிறது. வரைபடத்தில் கோடு தொடர்ச்சியாக ஓடுகிறது. ஆனால் பதினாலரை டிரெய்லர் கிடையாது. அட்டவணையில் அந்தச் சிக்கல் வராது. மொத்தம் 44-க்குப் பதில் 65 என்று கேள்வியை மாற்றிப் பாருங்கள். யார்டு ஆள் உடனே சிரிப்பார். முப்பது டிரெய்லருக்கு அறுபதுக்கு மேல் எப்படி வரும்? சமன்பாட்டுக்குச் சிரிக்கத் தெரியாது. அது y=35, x=−5 என்று விடை தந்துவிடும். வரைபடத்திலோ கோடுகள் இரண்டாம் கால்பகுதிக்குள் போய் வெட்டிக்கொள்ளும்; கழித்தல் எண்ணிக்கையில் பெட்டிகள் இருக்கும் ஒரு யார்டில். மூன்று வடிவங்களையும் சேர்த்துப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் 'விடை வந்தது, ஆனால் இப்படி ஒரு யார்டு இருக்க முடியாது' என்று சொல்ல வரும். பல வடிவங்களுக்கு ஆதரவாக எத்தனையோ வாதங்கள் இருந்தாலும் என்னைத் திருப்திப்படுத்துவது இந்த ஒன்றுதான். ஒரு வடிவம் இன்னொன்றைச் சரிபார்க்கிறது.

வடிவங்களைப் பெருக்குவது சென்னைக்குப் புதிதல்ல. 1893-இல் மவுண்ட் ரோடு அடிசன் கம்பெனி ஒரு புத்தகம் வெளியிட்டது: காகித மடிப்பில் வடிவகணிதப் பயிற்சிகள். எழுதியவர் டி. சுந்தர ராவ், சென்னை மாகாணத்தில் டெபுடி கலெக்டராக இருந்தவர். குழந்தைகள் விளையாடும் ஃப்ரோபலின் கிண்டர்கார்டன் காகிதத்திலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது. அளவுகோலும் கவராயமும் இல்லாமல், காகிதமும் ஒரு பேனாக்கத்தியும் மட்டும் வைத்துக்கொண்டு, சதுரத்தில் தொடங்கிப் பலகோணங்கள், தொடர்களின் கூட்டல், கூம்பு வெட்டுகள்வரை மடித்தே போனார். ஜெர்மன் கணிதர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட, 1901-இல் அமெரிக்கப் பதிப்பு வந்தது. இன்றைக்கும் உலகெங்கும் காகித மடிப்புக் கணிதம் பேசுகிறவர்கள் அந்த மதராஸ் புத்தகத்திலிருந்து தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டு ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சுந்தர ராவ் பெயரைக் கேட்டிருப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது.

அதற்கும் முன்னால் திண்ணைப் பள்ளி. எண்சுவடியை மனப்பாடம் செய்வித்து மூளையை மழுங்கடித்தது என்று எளிதாகத் தள்ளிவிடுவோம். செந்தில் பாபுவின் ஆய்வு, 2022-இல் நூலாக வந்தது, இந்தப் படத்தை மாற்றுகிறது. அங்கே நினைவு என்பது கணக்குப் போடுவதற்கான கருவி என்றும், ஊரின் நிலம், நெல், பொன் அளவைகளோடு பிணைந்தது என்றும் அவர் காட்டுகிறார். பின்ன வரிசையையே பாருங்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் வழி ஒன்று: 1/2, 1/4, 1/8, 1/16. மா, காணி, முந்திரி என்று இறங்கும் வழி இன்னொன்று: 1/20, 1/80, 1/320. கால் என்பது ஐந்து மா. அரைக்கால் என்பது இரண்டரை மா. ஒரே அளவை இரண்டு வழிகளிலும் சொல்லத் தெரிந்த பிள்ளை, பகுதியைச் சமமாக்குவது என்று இன்று நாம் சொல்வதை வாயாலேயே செய்துகொண்டிருந்தது. திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்து பாட எனக்கு விருப்பமில்லை. அதன் கதவு எல்லாச் சாதிக்கும் திறந்திருக்கவில்லை, பிரம்பும் ஓயவில்லை. ஆனால் பேச்சையும் அளவையையும் இணைத்த அந்தத் தையலைப் புதிய பள்ளி பிரித்துப்போட்டது என்பதும் உண்மை.

அந்தத் தையலின் ஒரு நூல் பட்டறைகளில் அறுபடாமல் இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பக்கம் லேத் பட்டறையிலும் வெல்டிங் கடையிலும் கட்டட வேலையிலும் இஞ்சின் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்றுதான் பெயர். மூணு நூல் கம்பி என்றால் 3/8 இஞ்சு. கடைக்காரர் 10 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துத் தருவார். நாலு நூல் என்றால் அரை இஞ்சு, கடையில் 12 மில்லிமீட்டர். அஞ்சு நூல் என்றால் 16. அப்பா பட்டறையில் வேலை செய்கிற பிள்ளைக்கு 3/8-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னால் கரும்பலகையில் 4/12 என்று எழுதிவிடலாம். மேல் எண்ணை மேல் எண்ணோடும் கீழ் எண்ணைக் கீழ் எண்ணோடும் கூட்டுவது உலகம் முழுவதும் பிள்ளைகள் செய்கிற பிழை. அதே பிள்ளையிடம் மூணு நூலும் ரெண்டு நூலும் எவ்வளவு என்று கேட்டால் அஞ்சு நூல் என்று வரும். 5/8. எஃகு ஸ்கேலைக் கையில் கொடுத்தால் அதுவே எண்கோடு.

பின்னத்துக்கு வட்ட ரொட்டியையோ பீட்சாவையோ துண்டு போட்டுக் காட்டுவதுதான் பாடப்புத்தக வழக்கம். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பின்னம் பிடிபடாது. பதினொன்று பை எட்டு என்றால் பிள்ளை விழிக்கும். ஸ்கேலில் ஒரு இஞ்சும் மூணு நூலும் என்று சாதாரணமாக நிற்கும். ஆனால் ஸ்கேலிலும் ஓட்டை உண்டு. நூல் எட்டோடு நின்றுவிடும். மூன்றில் ஒன்று, ஏழில் இரண்டு அதில் இல்லை. பங்கிடுதல் என்ற பொருளும் அதில் இல்லை. நான்கு இட்லியை மூன்று பேர் பகிர்வதைப் படம் போட்டுத்தான் காட்ட வேண்டும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் கே. சுப்பிரமணியமும் அவரோடு இருந்தவர்களும் பின்னத்தைப் பங்காகவும் அளவாகவும் சேர்த்துக் கற்பிக்கும் வழிகளை நெடுங்காலம் ஆராய்ந்தது இதனால்தான். டீனஸ் பல கருவிகள் கேட்டதன் காரணமும் இங்கே வெளிச்சமாகிறது.

அரசுப் பள்ளிகள் இந்தத் திசையில் செய்த பெரிய முயற்சி செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளின் முறையை எடுத்து, முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். பிறகு மற்ற மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதுக்கும் அது போனது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் அப்போது தனி நகராட்சிகள். 2011-இல்தான் சென்னையோடு சேர்ந்தன. ஆக ராயபுரத்துக்கு மாநகராட்சி வழியாக வந்த இந்த முறை, எண்ணூருக்கு மாநிலத் திட்டமாக வந்தது. அட்டைகள், மணிகள், பாய்விரித்த தரை, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தன் வேகத்தில் படியேறும் கற்றல் ஏணி. இந்தியாவில் இவ்வளவு பெரிய அளவில் கைப்பொருளும் படமும் குறியீடும் வரிசையாக அரசுப் பள்ளித் தரைக்கு இறங்கியது அரிது. இதைக் கேலி செய்தவர்கள் பலர். நான் அந்தப் பக்கம் இல்லை. பயம் குறைந்தது, பிள்ளை கையால் தொட்டது.

ஆனால் ஏணியின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருந்தது. மணி அட்டை முடிந்தால் பட அட்டை, அது முடிந்தால் எண் அட்டை. படி ஏறத்தான் ஏணி. எண்ணில் நிற்கிற பிள்ளையைத் திரும்ப மணிக்கு இறக்கி, '43-இலிருந்து 17-ஐக் கழித்தாயே, அந்தக் கடன் வாங்கியதை மணியில் காட்டு' என்று கேட்க அட்டையில் இடமில்லை. நான்கு குழுக்களைப் பார்க்கும் ஆசிரியருக்கு நேரமும் இல்லை. மணி, குறியீட்டை அடைந்ததும் உதைத்துத் தள்ளும் பலகையானது. கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்து, எட்டு வயதுக்குள் அடிப்படை எண்ணறிவு என்ற இலக்கை வைத்தது. பாட்டு, விளையாட்டு, துணைக்கருவி எல்லாம் உண்டு. இந்தத் திட்டத்தை அளக்க வேண்டுமென்றால் துணைக்கருவி எத்தனை என்று எண்ணுவதைவிட, எண்ணிலிருந்து பொருளுக்குத் திரும்பச் சொல்லும் பணிகள் பயிற்சிநூலில் எத்தனை என்று எண்ணுவதே பயன் தரும். பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கிராமப்புறத்தில் மட்டும் கணக்கெடுக்கும் அசர் அறிக்கை எப்படியும் எண்ணூரைப் பற்றி எதுவும் சொல்லாது.

எதிர்ப்பக்கத்தையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் டெபரா பால், ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் இருந்தவர், 1992-இல் ஒரு கட்டுரையில் கேட்டார்: கணிதம் கட்டையில் இருக்கிறதா, கட்டையைப் பார்க்கிற பெரியவரின் தலையில் இருக்கிறதா? பத்து என்றால் என்னவென்று தெரிந்தவருக்குக் கோல் பத்தாகத் தெரிகிறது; தெரியாத பிள்ளைக்கு அது கோல்தான். அதற்கு முன்பே 1987-இல் ஜூடி டிலோச் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் ஓர் அறையின் சிறு மாதிரியைக் காட்டி, அதில் பொம்மை ஒளிந்த இடத்தைப் பார்க்கவைத்து, நிஜ அறையில் தேடச் சொன்னார். மூன்று வயதுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டரை வயதுக்காரர்கள் தவறினார்கள். ஒரு பொருளைப் பொருளாகவும் வேறொன்றின் அடையாளமாகவும் ஒரே நேரத்தில் பார்ப்பது லேசான காரியமில்லை. 2008-இல் காமின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 'சயன்ஸ்' இதழில் இன்னும் கடுமையாக வாதிட்டார்கள்: கல்லூரி மாணவர்களில், பழகிய பொருள் உதாரணங்களோடு கற்றவர்களைவிட வெற்றுக் குறியீடுகளோடு கற்றவர்கள் அந்தக் கருத்தைப் புதிய இடத்துக்கு நன்றாக எடுத்துப்போனார்கள். இதற்கு மறுப்புகளும் வந்தன. ஒப்பிட்ட இரண்டு பாடங்களும் உண்மையில் ஒரே கணிதத்தைச் சொல்லவில்லை என்பது முக்கியமான மறுப்பு. இங்கிலாந்தின் ஷாரன் ஐன்ஸ்வொர்த் சொல்வது நிதானமானது. ஒவ்வொரு புது வடிவமும் பிள்ளைக்கு ஒரு புதுச் சுமை. அதைப் படிக்கக் கற்க வேண்டும், பிறகு மற்றவற்றோடு பொருத்தவும் கற்க வேண்டும். பொருத்தக் கற்பிக்காமல் ஐந்து வடிவங்களைக் கொட்டினால் ஒன்று செய்கிற வேலையைக்கூட ஐந்தும் செய்யாது.

வடசென்னையில் இந்தச் சுமைக்கு மொழியும் ஒரு மூட்டை சேர்க்கிறது. ஆங்கில வழிப் பிரிவுகள் அரசுப் பள்ளிக்கும் வந்தாயிற்று. மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு வந்த இந்தி, ஒடியாக் குடும்பங்களின் பிள்ளைகளும், தலைமுறைகளாக இங்கே இருக்கும் தெலுங்குக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே பெஞ்சில். கணக்கு ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில், பிள்ளை யோசிப்பது இன்னொன்றில். இங்கே பேச்சு என்ற வடிவமே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கிறது.

தெருக்கணக்கைப் பற்றிய ஆய்வுகள் இந்த இடத்தில்தான் கூர்மையாகின்றன. 1985-இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் டெரெசினா நூனெசும் உடன் ஆய்வாளர்களும் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைக் கவனித்தார்கள். விற்கும்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்கைப் பேப்பரில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம். மும்பை தாராவியில் அரிந்தம் போஸ் பட்டறை வேலையோடு பிணைந்த பிள்ளைகளின் அளவையறிவை ஆராய்ந்தார். 2025-இல் 'நேச்சர்' இதழில், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளிலிருந்து வந்தது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான விற்பனைக் கணக்கை மனதில் போடுகிறார்கள், பள்ளிப் பாணியில் எழுதிக் கேட்டால் திணறுகிறார்கள். இதுவரை பழைய செய்தி. புதிது என்னவென்றால், சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகள் தலைகீழ்: பேப்பர்க் கணக்கு வருகிறது, சந்தைக் கணக்கு வருவதில்லை. பாலம் இரண்டு பக்கமும் இல்லை.

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு 'காசிமேட்டுப் பையனுக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம், ஏலத்தில் கற்றுக்கொள்கிறான்' என்று புளகாங்கிதம் அடைகிறவர்கள் உண்டு. அந்தப் பையன் விடியற்காலையில் துறைமுகத்தில் இல்லாமல் தூங்கிவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டியவன். அவனுடைய கணக்கைப் புகழ்வது வேறு, அவன் வேலைக்குப் போவதைப் புகழ்வது வேறு. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையில் 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகத் தயாரான கணிதக் கல்வி அறிக்கை, பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே நோக்கம் என்றது. பயத்தையும் தோல்வியையும் முதல் சிக்கலாக வைத்தது. வாய்க்கணக்கு இருக்கிறது, பள்ளிக் கணக்கு இருக்கிறது. வாய்க்கணக்கைப் பலகைக்குக் கொண்டுவந்து 'நீ மனதில் செய்தது இதுதான்' என்று காட்டுவது ஆசிரியரின் வேலை. டிரெய்லர் கணக்கில் 44-இலிருந்து 30-ஐக் கழித்த அந்த இடம் அப்படிப்பட்ட ஓர் இடம்.

இப்போது பத்தாம் வகுப்புக்கு வருவோம். புத்தகத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 2018 முதல் வந்த புதிய கணிதப் புத்தகங்களில் படங்கள் இருக்கின்றன, இணையச் செயல்பாடு என்று ஜியோஜீப்ரா இணைப்புகள் இருக்கின்றன. திரையில் எண்ணை நகர்த்தினால் கோடு சாய்வதைப் பிள்ளை பார்க்கலாம். நிலைமையைத் தீர்மானிப்பது வினாத்தாள். 100 மதிப்பெண்ணில் கடைசி இரண்டு கேள்விகள்: செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. தேர்ச்சிக்கு வேண்டியது 35. ஆகவே மெல்லக் கற்போர் என்று பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஜனவரியிலிருந்து தரப்படும் மருந்து இந்தப் பதினாறு. அட்டவணை போடு, அளவுத்திட்டம் எழுது, புள்ளி வை, இணை, விடை எழுது. சமன்பாட்டின் பொருள் புரியாமலே எட்டும் வாங்கிவிடலாம், வாங்குகிறார்கள்.

இதற்காக ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்ச்சி சதவீதம் கேட்டுக் கூட்டம் போடும் அமைப்பில், கொடுங்கையூரிலோ எர்ணாவூரிலோ ஒரு பிள்ளையை 35-க்குக் கரையேற்றுவது அந்தப் பிள்ளையின் ஐ.டி.ஐ. இடத்தையும் அதன்பின் கிடைக்கும் அப்ரென்டிஸ் வாய்ப்பையும் காப்பாற்றுவது. ஆனால் விளைவைப் பாருங்கள். வடிவங்களிலேயே வளமானது வரைபடம். அதுவே கணிதம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கான பகுதியாகிவிட்டது. ஜான்வியேயின் பன்னிரண்டு வழிகளில் நம் தேர்வு கேட்பது பெரும்பாலும் சூத்திரத்திலிருந்து அட்டவணை, அட்டவணையிலிருந்து வரைபடம் என்ற இரண்டைத்தான். வரைபடத்திலிருந்து ஒரு புள்ளியைப் படிக்கச் சொல்வதோடு திரும்பும் பயணம் முடிகிறது. வரைபடத்தைக் கொடுத்து 'என்ன நடந்தது, எழுது' என்று கேட்பதே இல்லை.

கேட்டால் எப்படி இருக்கும்? குறுக்கே நேரம், மேலே கரையிலிருந்து தூரம். காசிமேட்டிலிருந்து புறப்பட்ட ஒரு ஃபைபர் படகின் ஒரு நாள். கோடு செங்குத்துக்கு நெருங்கி ஏறி, சிறிது நேரம் கிடையாக ஓடி, மெதுவாக இன்னும் ஏறி, நீண்ட நேரம் கிடையாகி, ஏறியதைவிடச் சாய்வு குறைவாக இறங்கிச் சுழியைத் தொடுகிறது. படகு எங்கே நின்றது? திரும்பும்போது ஏன் மெதுவாக வந்தது? ஒரு பிள்ளை மீன் பாரம் என்று எழுதும், இன்னொன்று எதிர்க்காற்று என்று எழுதும், இரண்டும் சரி. 'கடைசியில் பள்ளத்தில் இறங்கியது' என்று எழுதுகிற பிள்ளை வரைபடத்தைக் காட்சிப் படமாகப் படித்திருக்கிறது; அந்தப் பிழை ஆசிரியருக்குக் கிடைக்கும் தகவல். இன்னொரு கேள்வி: ஏலத்தில் ஒரு கூடையின் விலையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் அது சாய்கோடாக இருக்குமா, படிக்கட்டாக இருக்குமா? ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் வஞ்சிரத்தின் விலைக்கோடு எப்படிப் போகும்? இவற்றுக்குச் சூத்திரம் கிடையாது. வரைபடம் மட்டும்தான்.

இங்கிலாந்தில் நாட்டிங்காமின் ஷெல் மையம் 1985-இல் இதே வகைக் கேள்விகளோடு சார்புகளுக்கும் வரைபடங்களுக்குமான ஒரு தொகுப்பை மால்கம் ஸ்வான் கையால் கொண்டுவந்தது. அதை நல்ல பாடநூல் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு தேர்வு வாரியத்தோடு சேர்ந்து தயாரான தேர்வுத் தொகுதி. வினாத்தாளை முழுதாகப் புரட்டிப்போடாமல், அதில் ஒரு சிறு பங்கை மட்டும் புது வகைக் கேள்விக்கு ஒதுக்கி, அதற்கான பாடக்குறிப்பையும் ஆசிரியர் பயிற்சியையும் கூடவே தந்தார்கள். நம் வரைபடக் கேள்வியின் எட்டில் ஐந்தை வரைவதற்கு விட்டுவிட்டு மூன்றை மட்டும் கதை எழுதுவதற்கு மாற்றுவதாக வைத்துக்கொண்டால், 35-ஐ நம்பியிருக்கும் பிள்ளைக்கு இழப்பு அதிகபட்சம் மூன்று. உண்மையான தடை விடைத்தாள் திருத்தும் முகாமில் இருக்கிறது. எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதும் தேர்வில் எதிர்க்காற்றுக்கும் மீன் பாரத்துக்கும் ஒரே விடைக்குறிப்பு எழுத முடியாது. ஸ்வானின் தொகுப்பில் மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளே மதிப்பெண்ணோடு அச்சாகியிருந்தன, திருத்துகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பள்ளிகளில் இந்தப் படகுக் கேள்வியைக் காலாண்டுத் தேர்வில் ஒரு முறை வைத்தால், அப்படியொரு மாதிரி விடைத் தொகுப்புக்குத் தேவையான தாள்கள் ஒரே வாரத்தில் குவிந்துவிடும்.